கிங்ஸ்டனிலிருந்து ஒடிசாவுக்கு: வீட்டு வருகைத் திட்டங்களின் ஆய்வு வரலாறு

சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பணியாளர் சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் காட்டிக்கொடுக்கும் திட்டங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றுக்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஜமைக்கா நாட்டுக் கிங்ஸ்டன் நகரில் 129 குழந்தைகளிடம் நடந்த சோதனை. அதன் முடிவு பரவிய அளவுக்கு அதன் நடைமுறை பரவவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

கதை மருத்துவமனையில் தொடங்குகிறது. கடும் ஊட்டக்குறைவால் சேர்க்கப்பட்ட குழந்தைகள் உடல் தேறி வீடு திரும்பினாலும் அறிவுவளர்ச்சியில் பின்தங்கியே இருந்தனர். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சாலி கிரந்தம்-மெக்ரெகர் 1970களில் அவர்களுக்கு வார்டிலேயே விளையாட்டுப் பயிற்சி அளித்து, வீடு திரும்பிய பின்னும் அதைத் தொடர்ந்தார். பலன் தெரிந்தது. அடுத்து எழுந்த கேள்வி, எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது. கிறிஸ்டின் பவலும் அவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது: மாதம் ஒருமுறை சென்றதில் பயனில்லை, இரு வாரத்துக்கு ஒருமுறை என்றபோது சிறிது பயன், வாரந்தோறும் சென்றபோது கணிசமான முன்னேற்றம். என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான கட்டுரை இதுதான். ஆனால் மேடைகளில் பேசப்படுவது வேறொன்று.

அந்த வேறொன்று, முதலில் சொன்ன 129 குழந்தைகளின் சோதனை, 1986–87இல் தொடங்கியது. வயதுக்கேற்ற உயரமில்லாத, 9 முதல் 24 மாத வயதுக் குழந்தைகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால் மாவு, ஒன்றுக்கு வாரம் ஒரு மணிநேர விளையாட்டு, ஒன்றுக்கு இரண்டும், நான்காவது குழுவுக்கு இரண்டும் இல்லை. இரண்டாண்டுகள் இது நடந்தது. வீடுகளுக்குச் சென்றவர்கள் உள்ளூர்ச் சுகாதார உதவியாளர்கள். வீட்டில் கழித்துப்போடும் பொருள்களில் செய்த பொம்மைகளைக் கொண்டுசென்று, விளையாடிக் காட்டி, தாயையும் விளையாடவைத்துவிட்டு வருவார்கள். பொம்மைகள் அடுத்த வாரம்வரை அந்த வீட்டிலேயே இருக்கும். மற்றக் குழுக்களின் வீடுகளுக்கும் வாரந்தோறும் ஆள் போனது, நோய் விவரம் குறிக்க மட்டும். ஆகவே பலனுக்குக் காரணம் யாரோ வந்துபோனது அல்ல. வந்தவர் செய்த வேலை.

1991இல் லான்செட் இதழில் வந்த முடிவில் உணவும் விளையாட்டும் தனித்தனியே பயன் தந்திருந்தன. இரண்டும் பெற்றவர்கள் மேலும் முன்னே நின்றனர். ஆனால் வளர்ந்த பருவத்தில் உணவின் பயன் மறைந்தது; விளையாட்டின் பயன் நிலைத்தது. 22 வயதில் விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் வருமானம், பெறாதவர்களைவிடச் சராசரியாக 25 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2014இல் சயன்ஸ் இதழ்க் கட்டுரை கூறியது. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் அதன் ஆசிரியர்களுள் ஒருவர். நிதி அமைச்சகங்கள் அதன் பிறகே காது கொடுத்தன எனலாம். ஆனால் 129 பேரை நான்காகப் பிரித்த ஆய்வு அது. 25 என்ற எண்ணை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது மிகை.

கொலம்பியாவில் 1,420 குழந்தைகளிடம் இதே முறை, அரசின் உதவித்தொகைத் திட்டத்தில் இருந்த உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு, 18 மாதம் நடத்தப்பட்டது. முடிவில் அறிவுவளர்ச்சி கூடியிருந்தது. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு இல்லை. இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறு விதம். டேவிட் ஓல்ட்ஸ் அமெரிக்காவின் எல்மைராவில் 1970களின் இறுதியில் தொடங்கிய செவிலியர் வருகை முறை இங்கிலாந்தில் 1,645 இளம் தாய்மார்களிடம் சோதிக்கப்பட்டது. புகைபிடித்தல், பிறப்பு எடை உள்ளிட்ட முதன்மை அளவுகோல்களில் அது பயன் தரவில்லை என 2016இல் தெரிந்தது. பொதுச் சுகாதாரச் சேவை ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வரும் நாட்டில் கூடுதல் வருகைக்கு இடம் குறைவு என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

ஜமைக்கா முறை ஒடிசாவின் கட்டாக் நகரக் குடிசைப் பகுதிகளுக்கும் பின்னர் அம்மாநிலக் கிராமங்களுக்கும் வந்தது. கிராமச் சோதனையில் சில ஊர்களில் வீட்டுக்குச் சென்றனர். சிலவற்றில் தாய்மாரையும் குழந்தைகளையும் ஓரிடத்தில் கூட்டி அதே விளையாட்டுகளை நடத்தினர். இரண்டிலும் அறிவுவளர்ச்சியில் கிடைத்த பயன் ஏறத்தாழ ஒன்றே. கூட்டு முறையின் செலவோ மிகக் குறைவு. அங்கன்வாடி உள்ள ஊரில் இந்த முறையைத் தொடங்க நினைக்கும் அரசு, வீடு வீடாகச் செல்வதை விட்டுக்கொடுக்கலாம். வாரந்தோறும் நடத்துவதை விட்டுக்கொடுக்கக் கூடாது.