ஆட்டோபைலட் கைவிட்ட நேரங்கள்

சிமுலேட்டரில்கூட ஈப்போவில் இறங்குவது லேசான காரியம் இல்லை. ஒரு பக்கம் கிளேடாங் மலைத்தொடர், மறுபக்கம் தித்திவங்சா. நடுவே கிந்தா பள்ளத்தாக்கில், குனோங் ராப்பாட் பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நிற்கின்றன. அந்த நேரம் பார்த்து ஆட்டோபைலட் விடுபட்டு எச்சரிக்கை ஒலி கேட்டால், பழைய ரப்பர் தோட்டங்கள் இருந்த இடத்தில் எழுந்த தாமான் வீட்டில் ஜாய்ஸ்டிக் பிடித்திருக்கும் பையன், மென்பொருள் கெட்டுவிட்டது என்றே நினைப்பான். பெரும்பாலும் அது கெட்டிருக்காது. சில நிலைமைகளில் விலகிக்கொள்ளும்படிதான் ஆட்டோபைலட்டை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த நிலைமைகள் எவை என்பதை விமானத் துறை பல உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

1914 ஜூன் 18. பாரிஸ் அருகே சேன் நதியின் மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி தன் ஆட்டோபைலட்டை நிரூபிக்க இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபடி பறந்தார். உடன் வந்த மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்தபோதும் விமானம் நிலை குலையவில்லை. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போன்ற கைரோஸ்கோப்தான் அதைத் தாங்கியது. 1933இல் வைலி போஸ்ட் ஸ்பெர்ரி நிறுவனத்தின் ஆட்டோபைலட் துணையுடன் தனியாக உலகைச் சுற்றினார். எட்டு நாளுக்குள் சுற்றி முடித்தாலும், ஆட்டோபைலட்டைப் பழுது பார்ப்பதற்காக வழியில் பலமுறை தரையிறங்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 மே 1 முதல், மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்கு வழக்கமான சேவையைத் தொடங்கியது. பறந்தது ஏர்ஸ்பீட் கான்சல், போர்க்காலப் பயிற்சி விமானத்தை மாற்றியமைத்த சிறிய ரகம். பேராக் மாநிலத்தின் வான்பயணக் கதையில் அந்தத் தடத்துக்குத் தனி இடம் உண்டு. சிமுலேட்டர்காரர்கள் பழகிப் பார்க்கவும் அதைவிட நல்ல பாதை கிடைக்காது.

ஆட்டோபைலட் விடுபடுவதன் ஆபத்தை உலகம் உணர்ந்தது 1972 டிசம்பர் 29 இரவில். மயாமியை நெருங்கிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401இல், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு பல்பு எரியவில்லை. 2,000 அடியில் ஆட்டோபைலட்டை நம்பிவிட்டு, விமானி அறையில் எல்லோரும் பல்பைப் பார்ப்பதில் மூழ்கினார்கள். கட்டுப்பாட்டுத் தண்டில் யாரோ தெரியாமல் இடித்ததில் உயரத்தைப் பிடித்து வைக்கும் பகுதி மட்டும் விடுபட்டது. உயரம் குறைவதை அறிவிக்க ஒலித்த மெல்லிய மணியை ஒருவரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள்.

மலேசியாவுக்கு நெருக்கமான சம்பவம் 2005 ஆகஸ்ட் 1இல் நடந்தது. பெர்த்திலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் 124, போயிங் 777 ரகம். 38,000 அடி உயரத்தில், வேகம் மிகக் குறைவு என்றும் மிக அதிகம் என்றும் ஒரே சமயத்தில் எச்சரிக்கை வந்தது. மூக்கு தானாக நிமிர்ந்து விமானம் சுமார் 41,000 அடிக்கு ஏறியது, வேகம் 158 நாட்ஸ் (knots) ஆக விழுந்தது. இங்கே ஆட்டோபைலட் விடுபடவில்லை. விமானிதான் அதை விடுவித்து மூக்கைத் தாழ்த்தினார். பிறகு மறுபடி இணைத்துப் பார்த்தபோதும் விமானம் சாய்ந்தது. கையாலேயே ஓட்டி பெர்த்துக்குத் திரும்பினார்கள். அசைவை அளக்கும் உணரி ஒன்று 2001லேயே பழுதாகி ஒதுக்கப்பட்டிருந்தது. இன்னொன்றும் பழுதானபோது, மென்பொருளில் ஒளிந்திருந்த பிழை அந்தப் பழைய உணரியின் பொய்க் கணக்கை மறுபடி உள்ளே விட்டுவிட்டது. அந்த விமானிகளின் நிதானத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

2009இல் ஏர் பிரான்ஸ் 447இன் கதை எதிர்த்திசையில் போனது. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனி அடைத்ததும் ஆட்டோபைலட் தானே விலகியது. அதன்பின் கையாண்ட விதத்தில் விமானம் நிலையிழந்து அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 உயிர்கள் போயின.

புரூஸ் ஆர்ட்விக்கின் நிரலை அடிப்படையாகக் கொண்டு 1982இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வந்ததிலிருந்து, இந்தக் கோளாறுகளின் சிறு வடிவங்கள் வீட்டு மேசைக்கும் வந்துவிட்டன. தேய்ந்த ஜாய்ஸ்டிக்கின் மின்தடை உணரி, யாரும் தொடாதபோதே நடுங்கும். சில விமான மாதிரிகளில் ஆட்டோபைலட் அதை விமானியின் கை என்று எடுத்துக்கொண்டு விலகிவிடும். 401இன் தண்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரே பொத்தானுக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தாலும் இப்படி ஆகும். பிட்டோ சூடேற்றியைப் போடாமல் பனிமேகத்துக்குள் போனால் 447இன் நிலைமை உருவாகலாம். ஆல்டர்னேட்டர் அணைந்திருந்தால் பேட்டரி தீர்ந்ததும் சிறு விமானத்தின் ஆட்டோபைலட் அடங்கிவிடும்.

விடுபட்ட உடனே பொத்தானை மறுபடி அழுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் இறக்கைகளைச் சமன் செய்து, வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஒரு சோதனை: ஈப்போவில் கிளம்பி, பினாங்கை நோக்கி ஆட்டோபைலட்டைப் போட்டதும் ஜாய்ஸ்டிக் கேபிளைக் கழற்றிவிடலாம். வழி முழுக்க விடுபடாவிட்டால் கோளாறு ஜாய்ஸ்டிக்கில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். அமைப்புகளில், சிறு நடுக்கத்தைக் கணக்கில் எடுக்காத அதன் செயலற்ற எல்லையைச் சற்றே கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்போதும் விடுபட்டால், மின்சாரத்தையும் பிட்டோவையும் பார்க்க வேண்டும்.