உயிர் காத்த மாத்திரையும் ரத்தக் குறைவும்

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அரசின் இலவசக் கூட்டு மருந்துக்கோ 2004 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் முதலில் கொடுத்தது தாம்பரம் சானடோரியத்தில். திண்டுக்கல்காரருக்கு அது சுமார் 400 கி.மீ. ரயில் பயணம்.

அந்தக் கூட்டில் ஒரு மருந்து ஜிடோவுடின். 1964-ல் புற்றுநோய்க்காக உருவாக்கி, பலனில்லை என்று ஒதுக்கியது. 1987-ல் எய்ட்ஸுக்கான முதல் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமியைத் தடுக்கும், ஆனால் சிலருக்கு, ரத்தம் உற்பத்தியாகும் எலும்பு மஜ்ஜையையும் தளர்த்திவிடும். ஏற்கெனவே ரத்தசோகை அதிகமுள்ள நம் பக்கத்தில் இது சின்ன விஷயமா?

ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அப்போது ஸ்டாவுடின் கொடுத்தார்கள். அது ரத்தத்தைக் குறைக்கவில்லை. கால் எரிச்சலைத் தந்தது, நாளடைவில் கன்னத்தை ஒட்ட வைத்தது. மறைத்த நோயை முகமே ஊருக்குச் சொல்லிவிடும்!

2009-ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. பிறகு டெனோஃபோவிர், இப்போது அதோடு டோலுடெக்ராவிர். ரத்தக் குறைவு பயம் பெரிதும் தணிந்துவிட்டது.

இன்றும் ஜிடோவுடின் சாப்பிடுபவர்கள் உண்டு. மூச்சு வாங்கினால், களைப்பு மிஞ்சினால், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.