அகதியின் மகனும் வண்ணத்தூளும்



நான் எழுத்தாளன் அல்ல. ஊரில் உயர்தரத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கே சுவிசில் போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று சங்கத்தார் கேட்டபோது, என் மகள் சொன்ன ஒரு விசயம்தான் நினைவுக்கு வந்தது. பாடசாலையால் அவர்களை ஜெனிவா அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, அங்க ஒரு பெரிய ஓவியரின்ர படம் இருக்கு. அவரும் எங்களை மாதிரி அகதிப் பிள்ளையாம்."

அவள் இங்கே பிறந்தவள். அகதி என்ற சொல்லை அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவு பெருமையாக அவள் அதைச் சொன்னபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அதில் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ழான் எத்தியன் லியோத்தார். 1702இல் ஜெனிவாவில் பிறந்தார். தகப்பன் பிரான்சின் மொந்தெலிமார் ஊரவர். புரட்டஸ்தாந்து மக்களுக்கு 1598இல் கொடுத்த வழிபாட்டு உரிமையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685இல் பறித்தார். அவர்களின் கோயில்களை இடித்தார்கள். நாட்டை விட்டுப் போவதும் குற்றம். எல்லையில் பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பினார்கள். அப்படியிருந்தும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஜெனிவா, அம்ஸ்ரடாம், லண்டன், பேர்லின் என்று ஓடித் தப்பினார்கள். இரவில் எல்லை கடப்பது என்றால் என்னவென்று எங்கட வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த அகதியின் மகன் உலகப் புகழ் பெற்றது பஸ்ரலால். ஊர்ப் பாடசாலையில் சித்திரப் பாடத்துக்கு நாங்கள் பாவித்த பஸ்ரல் வேறு. அதில் மெழுகும் எண்ணெயும் இருக்கும். இது உலர்ந்த பஸ்ரல். நிறத்தூளோடு வெள்ளைச் சுண்ணத்தூளைச் சேர்த்து, மிகக் கொஞ்சம் பிசின் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையால் உருட்டிக் காயவிடுவார்கள். பசை என்ற கருத்துள்ள இத்தாலியச் சொல்லில் இருந்துதான் அந்தப் பெயரே வந்தது. எண்ணெய் இல்லாததால் படம் காயும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணெய் ஓவியம்போல் காலம் போக மஞ்சளாவதும் இல்லை. ஆனால் பிசின் குறைவு என்பதால் தூள் கடதாசியில் மெல்ல ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். விரல் பட்டால் அழியும். அதனால் கண்ணாடிக்குள் வைத்தே காக்க வேண்டும். எங்கட பெண்கள் வாசலில் போடும் கோலத்தை நினைத்தால் விளங்கும்.

இந்தத் தூளுக்கு முதலில் பெரிய மரியாதை வாங்கிக் கொடுத்தவர் ஒரு பெண். வெனிஸ் நகரத்து றொசல்பா கரியேரா, 1673இல் பிறந்தவர். தகப்பன் ஒரு எழுதுவினைஞர், தாய் பின்னல் வேலைக்காரி. மூக்குப்பொடி டப்பா மூடிகளில் சிறு படம் வரைந்து தொடங்கியவர், 1720இல் பரிசுக்குப் போய்ச் சிறுவனாக இருந்த பதினைந்தாம் லூயி மன்னரை வரைந்தார். அதே ஆண்டில் அரச கலைக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. கடைசிக் காலத்தில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. 1757இல் இறந்தார்.

லியோத்தார் ஓரிடத்தில் இருக்கவில்லை. 1738இல் ஒரு ஆங்கிலப் பிரபுவோடு கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குப் போய் நாலு வருசம் இருந்தார். அங்கிருந்து நீண்ட தாடியோடும் துருக்கி உடுப்போடும் திரும்பினார். "துருக்கி ஓவியர்" என்றே அவருக்குப் பெயர் வந்தது. ஒரு பெட்டி பஸ்ரலும் தோல்தாளும் இருந்தால் எந்த ஊரிலும் தொழில் செய்யலாம் அல்லவா?

வியன்னாவில் அவர் வரைந்தது "சொக்கலேற் பெண்". இளவரசி அல்ல, ஒரு பணிப்பெண். தட்டில் சொக்கலேற் கோப்பையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஏந்திக்கொண்டு நடக்கிறாள். அந்தத் தண்ணீரையும் தூளால்தான் வரைந்திருக்கிறார்! 1745இல் அது டிறெஸ்டன் அரச சேகரிப்புக்கு வாங்கப்பட்டது. சரியாக இருநூறு வருசம் கழித்து, 1945 பெப்ரவரியில், குண்டுவீச்சில் டிறெஸ்டன் எரிந்தது. ஓவியங்களை முன்கூட்டியே வெளியே கொண்டுபோயிருந்தார்கள். தொட்டால் அழியும் அந்தப் படமும் இடம்பெயர்ந்துதான் தப்பியது. இன்று திரும்பவும் டிறெஸ்டனில் இருக்கிறது.

கட்டி செய்தவர்களையும் நாங்கள் மறக்கக்கூடாது. 18ஆம் நூற்றாண்டில் லௌசானில் ஸ்தூப்பான் என்பவர் செய்த பஸ்ரல் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரிசில் ஹென்றி றோஷே என்ற மருந்தாளர் செய்த கட்டிகளை ஓவியர் டெகா பாவித்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்தக் கடையில் 1,600க்கு மேற்பட்ட நிறங்கள் இருந்தன. அதே குடும்பப் பெயரில் இன்றும் கையாலேயே உருட்டுகிறார்கள்.

ஏன் கையால்? தொழிற்சாலையில் எங்களுக்கு எல்லா மூடிக்கும் ஒரே அளவு, ஒரே சூடு. நிறத்தூள் அப்படி இல்லை. ஒன்று தண்ணீரை உறிஞ்சும், இன்னொன்று தள்ளும். ஒன்றுக்குப் பிசின் கூட வேண்டும், சிலதுக்குத் தேவையே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போட்டால் ஒரு கட்டி கல்லாகும், மற்றது உதிரும். ஒவ்வொரு நிறத்தின் குணத்தையும் கைதான் அறியும்.

நானும் ஒரு மலிவுப் பெட்டி வாங்கி ஏமாந்தேன். கீறியது, நிறம் பிடிக்கவில்லை. பிறகு கையால் செய்த ஆறு கட்டி மட்டும் தனித்தனியே வாங்கினேன். வாங்க நினைப்பவர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். கட்டியின் நிறத்தைப் பார்த்து எடுக்காமல், கடதாசியில் கீறிப் பார்த்து எடுங்கோ. அமத்தாமலே நிறம் விழ வேண்டும். சொரசொரப்பான தாள் வேண்டும். கடுங்கட்டியால் தொடங்கி மென்கட்டியால் முடியுங்கோ. தூளை ஊதாதீங்கோ, சுவாசத்துக்குக் கூடாது. அழுக்கான கட்டியைப் பச்சையரிசிக்குள் போட்டுக் குலுக்கினால் சுத்தமாகும். அந்த அரிசியைச் சமைக்கக்கூடாது!

நான் வரைந்தது எங்கட வீட்டுக் கிணத்தடி. அந்த வீடு இப்போது இல்லை, படமும் ஒன்றும் மிஞ்சவில்லை. வரைந்ததைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா தொலைபேசியில் சொன்னார்:

"தம்பி, தேசிமரம் அந்தப் பக்கம் இல்லையடா. துலாவுக்குப் பின்னால நிண்டது."

நானும் மகளும் திரும்ப வரைந்தோம். மூன்றாம் தரம்தான் அம்மா சரி என்றார். அதுவரைக்கும் மகள் தானே எடுத்துக் கேட்பாள்: "அப்பம்மா, வாளி என்ன நிறம்? கிணத்துக்கட்டு உயரமோ?" இதற்கு முன் அவர்கள் இருவரும் சுகம் விசாரிப்பதோடு சரி. இப்போது அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

லியோத்தார் 1789இல் ஜெனிவாவில் இறந்தார். தகப்பன் அடைக்கலம் தேடி வந்த ஊர் இன்று மகனை எங்கட ஓவியர் என்று சொல்கிறது. எங்கட பிள்ளைகளையும் ஒருநாள் இந்த நாடு அப்படிச் சொல்லட்டும். அதற்கிடையில், பெற்றோரே, தேசிமரம் எந்தப் பக்கம் நின்றது என்று சொல்லத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளைக் கேட்க விடுங்கோ, வரைய விடுங்கோ.