வாத்தியார் எழுதிய சோதனை

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மலாயாவில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் முறையாகப் பயிற்சி பெற விரும்பினால், சேர்வதற்கு முழுநேரக் கல்லூரி எதுவும் இல்லை. இருந்தது வார இறுதி வகுப்பு. ‘நார்மல் வகுப்பு’ என்று அதைச் சொன்னார்கள். வாரம் முழுதும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு நாளில் பட்டணத்துக்குப் போய் அவரே மாணவராக உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் தோட்டத்துக்குத் திரும்பி, மறுநாள் காலை மணி அடிக்கத் தயாரானார். மலாக்காவின் வடகிழக்கு மூலையில், ஜாசின் மாவட்டத்து நியாலாஸ், அசகான் போன்ற ரப்பர்க் காடுகளில் வேலை பார்த்த ஆசிரியருக்குப் பட்டணம் என்பது நெடுந்தொலைவு.

இன்று தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியராக விரும்புபவர் ‘நெட்’ அல்லது ‘செட்’ தேர்வுக்குத் தயாராகிறார். தகுதிக்கு ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். மலாக்காத் தோட்டத்து ஆசிரியருக்கோ தகுதி ஒரே தடவையில் முடிந்த காரியமாக இருக்கவில்லை. ஆட்சி மாறியபோதெல்லாம் புதிய சோதனை வந்தது. வேலையில் இருந்தபடியே ஒவ்வொன்றையும் அவர் எழுதினார். அந்த உழைப்பின் வரலாறு மலேசியத் தமிழ்க் கல்வி பற்றிய பேச்சில் போதிய இடம் பெறவில்லை.

மலாக்காவுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ரப்பரோடு வந்து சேர்ந்தது அல்ல. 1796-ல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, நவீன மலாய் உரைநடையின் முன்னோடி. அவர் குடும்பத்து மூதாதை ஒருவர் யெமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் முடித்தவர். அப்துல்லா தம் வரலாற்று நூலான ‘ஹிகாயத் அப்துல்லா’வில், தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதைப் பதிவு செய்திருக்கிறார். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்கிறார். கணக்குப் பார்க்கவும், துறைமுகத்தில் நிறைந்திருந்த இந்திய வணிகர்களோடு பேசவும் அது தேவைப்பட்டது. 1800-களின் தொடக்கத்தில் மலாக்காவில் தமிழ் வாத்தியார் மதிப்புள்ள ஆள். சான்றிதழ் எதையும் யாரும் கேட்கவில்லை. கணக்கும் கையெழுத்தும் பார்த்தார்கள்.

துறைமுகம் ஒடுங்கியது. வணிகம் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. பழைய தமிழ் வணிகர் வழிவந்து காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள், 1781-ல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலைக் காத்துக்கொண்டார்கள்; ஆனால் அவர்களுடைய வீட்டுமொழி மலாய் ஆகிவிட்டது. 1850-ல் மலாக்காவில் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. ஆனால் தமிழ்க் கல்வி பெரும் எண்ணிக்கையில் திரும்பி வந்தது ரப்பர் மரத்தின் பின்னால்தான்.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காக்காரரான டான் சே யான். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி எல்லாரிடமும் விதையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. டான் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். அடுத்து 1898 வாக்கில் லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரைத் திறந்தார். நியாலாஸ் வட்டாரத்தின் தோட்ட வாழ்க்கை அங்கிருந்து தொடங்குகிறது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் எழுந்தன. பொழுது விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அதன்பின் பால்வெட்டு. குடும்பங்கள் வந்தபோது பிள்ளைகளும் வந்தார்கள்.

பிள்ளைகள் வந்த பிறகும் பள்ளிக்கூடம் தானாக வரவில்லை. 1912-லும் பிறகு 1923-லும் வந்த தொழிலாளர் சட்டங்கள்தான் அதைக் கட்டாயமாக்கின. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்பது கூட்டு மலாய் மாநிலங்களில் விதி. நீரிணைக் குடியேற்றமான மலாக்காவும் அதே போக்கில் சென்றது. பள்ளி இருக்க வேண்டும் என்று வற்புறுத்திய சட்டம், அதில் யார் பாடம் நடத்துவது என்பதில் அந்தக் கண்டிப்பைக் காட்டவில்லை. இடம் தேடியபோது லயத்தின் ஓர் அறையோ, கோயில் கொட்டகையோ, ஆயாக் கொட்டகையின் ஓரமோ கிடைத்தது. ஆசிரியர் தேடியபோது தோட்ட எழுத்தரான கிராணி கிடைத்தார், கங்காணி கிடைத்தார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பால்வெட்டுத் தொழிலாளி கிடைத்தார். காலையில் மரம் வெட்டிவிட்டுப் பிற்பகலில் பாடம் சொன்னவர்களும் இருந்தார்கள். நியமித்தவர் தோட்ட நிர்வாகியான துரை, நீக்க வல்லவரும் அவரே. அவர் எதிரே நின்று ஆசிரியர் எதையும் கேட்டுவிட முடியாத நிலை அது.

இந்த முதல் தலைமுறை ஆசிரியர்களைப் பற்றி அலட்சியமாக எழுதுவது எளிது. பல அறிக்கைகள் அப்படித்தான் எழுதின. அவர்கள் செய்த வேலையின் முழு அளவைப் பார்த்தால் அலட்சியம் நிற்காது. ஊருக்குப் போகும் கடிதத்தை எழுதியவர் வாத்தியார். ஊரிலிருந்து வந்ததைப் படித்துக் காட்டியவரும் அவர்தான். திருவிழாக் கணக்கு, நாடக ஒத்திகை, நாளிதழ் வாசிப்பு, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் அவர் கையில் வந்து நின்றன. 1924-ல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இரண்டையும் படிக்கத் தெரியாதவர் காதுக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் இந்த ஆசிரியர்களே.

அதே காலத்தில் அதே மாநிலத்தில் வேறொரு காட்சி. மலாய் ஆசிரியர்களுக்காக 1900-லேயே மலாக்காவில் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1922-ல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி வந்தது. 1935-ல் மலாய்ப் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மீண்டும் மலாக்காவிலேயே எழுந்தது. அவை தேவையான, நல்ல காரியங்கள். ஆனால் தமிழ்ப்பள்ளியைத் தோட்டத்துக்காரர் பொறுப்பாக மட்டும் பார்த்த காலனி அரசு, அந்தப் பள்ளியின் ஆசிரியரைத் தன் ஆசிரியராக எண்ணவில்லை. பயிற்சி அவருடைய ஓய்வு நாளுக்குத் தள்ளப்பட்டதன் காரணம் இதுதான்.

1930 வாக்கில் தமிழ் தெரிந்த பள்ளி இன்ஸ்பெக்டர் நியமிக்கப்பட்ட பிறகு நிலை கொஞ்சம் மாறியது. அரசு மானியம் பிள்ளைகளின் வருகையையும் சோதனை முடிவையும் பொறுத்துக் கிடைத்தது. இதனால் இன்ஸ்பெக்டர் வரும் நாள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆசிரியருக்கும் சோதனை நாளானது. பிள்ளை தவறாகப் படித்தால் தோட்டத்துக்கு மானியம் குறையும். துரை கேட்கும் கேள்விக்கு வாத்தியார் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையில்தான் நார்மல் வகுப்பும். ஏழாம் வகுப்புத் தமிழ்ச் சோதனையில் தேறியவர்கள் பயிற்சி ஆசிரியர்களாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் வார இறுதிகளைக் கொடுத்துத் தகுதி பெற்றார்கள். பகலில் பள்ளி. இரவில் மண்ணெண்ணெய் விளக்கடியில் சொந்தப் பாடம். பாடநூல்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. கித்தா (ரப்பர்) மரத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காத பிள்ளைகளுக்குக் காவிரியையும் கரிகாலனையும் விளக்குவதற்கு ஆசிரியரே முதலில் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது.

1936-ன் இறுதியில் இந்திய அரசு அனுப்பி வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாத் தோட்டங்களைப் பார்த்து 1937-ல் அறிக்கை தந்தார். தோட்டப் பள்ளிகளின் நிலையும் அதில் பேசப்பட்டது. 1938 ஜூனில், பயண உதவி பெற்று வந்த தொழிலாளர் குடியேற்றத்தை இந்தியா நிறுத்தியது. இந்த இரண்டாவது செய்தி பள்ளிக்கு மிக முக்கியம். புதிய ஆட்கள் வருவது நின்றபின், லயத்துப் பிள்ளைகள் இந்த மண்ணின் பிள்ளைகள் என்பது உறுதியானது. ஊருக்குத் திரும்பும் வரைக்கான தற்காலிக ஏற்பாடாகப் பள்ளியை இனிப் பார்க்க முடியாது. ஆசிரியரையும் அப்படித்தான்.

பிறகு போர். தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு வந்த ரயில் பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்துச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் அதே பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பாதவர் ஏராளம். மலாக்கா நகருக்கு அந்தத் தண்டவாளம் இன்றுவரை திரும்பவில்லை.

1945-க்குப் பிறகு பள்ளிகள் திறந்தபோது ஆசிரியர் பஞ்சம். 1948-ல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வந்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் தோட்ட வாழ்க்கையை இறுக்கின. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி நாட்டிலேயே முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அந்த ஆண்டுகளில் வகுப்புக்குப் போய் வருவது வெறும் தூரப் பிரச்சினையாக இருக்கவில்லை.

ஆனாலும் இதே காலத்தில்தான் ஆசிரியர் தலைமுறை எழுத்தாளர் தலைமுறையாகவும் மலர்ந்தது. 1950-ல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசனில்’ கதை வகுப்பு நடத்தினார்கள். நாளிதழ் வழியே பாடம், பயிற்சி, மதிப்பீடு. வகுப்பு என்றாலே ஓய்வு நேரத்தில் படிப்பது என்று பழகியிருந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது அந்நியமாகப் படவில்லை. அடுத்து கு. அழகிரிசாமி கோலாலம்பூர் வந்து ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தபோது, இளம் எழுத்தாளர்களைக் கூட்டி வைத்துப் பேசினார். மலேசியத் தமிழ் இலக்கியத்தின் முதல் வரிசையில் பள்ளி ஆசிரியர்கள் இவ்வளவு பேர் இருப்பது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

1956-ன் ரசாக் அறிக்கையும் 1957-ன் கல்விச் சட்டமும் தமிழ்ப் பள்ளியை நாட்டின் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தன. சுதந்திர ஆண்டில் நாடெங்கும் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. பகல்நேரப் பயிற்சி மையங்கள் அந்த ஆண்டே தொடங்கின. தமிழாசிரியரின் பயிற்சி முதன்முறையாக அரசின் முழுப் பொறுப்பானது. கூடவே புதிய சுமையும் வந்தது. ஏழாம் வகுப்புத் தமிழோடு வேலையில் சேர்ந்து இருபது ஆண்டு பாடம் நடத்தியவர், இப்போது தேசிய மொழியான மலாயில் தேற வேண்டும். வயது முதிர்ந்த ஆசிரியர்கள் தங்களிடம் படித்த பிள்ளைகளோடு சேர்ந்து மலாய் இலக்கணம் படித்த காலம் அது.

பிள்ளைகளின் வழியும் குறுகலானது. இடைநிலைப்பள்ளி நுழைவுச் சோதனை 1960-களின் நடுவில் கைவிடப்படும் வரை, தோட்டத்துப் பிள்ளைகளில் மிகப் பலருக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அதன் பிறகும் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர ‘ரிமூவ் வகுப்பு’ என்று ஓராண்டு கூடுதலாகப் படிக்க வேண்டும். தமிழைத் தொடர விரும்பினால் பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்த பி.ஓ.எல். (மாணவர் தாய்மொழி) வகுப்பு; அதற்கும் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டிருக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியின் எல்.சி.இ., எம்.சி.இ. சோதனைகளைத் தாண்டி வந்தவர்தான் அடுத்த தலைமுறைத் தமிழாசிரியர்.

இந்த ஏணியின் உச்சியில் ஒரு பல்கலைக்கழகத் துறை வேண்டும் என்று முதலில் பிடிவாதமாக நின்றவர் சாரங்கபாணி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்ற யோசனை கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியிடமிருந்து வந்தது. ‘தமிழ் முரசு’ எதிர்த்தது. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியது. தோட்டத் தொழிலாளரும் தங்கள் கூலியிலிருந்து வெள்ளிக்காசு கொடுத்தார்கள். ஒருநாளும் பல்கலைக்கழக வாசலைப் பார்த்திராதவர்கள் அதன் தமிழ்த் துறைக்குப் பணம் தந்ததை மலேசியத் தமிழர் வரலாற்றின் மிகப் பெரிய நிகழ்வுகளில் ஒன்றாக வைக்க வேண்டும். 1956-ல் துறை தொடங்கியது. 1961-ல் தனிநாயகம் அடிகள் வந்து பொறுப்பேற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. வார இறுதியில் படித்துத் தேறிய ஆசிரியர்களின் பிள்ளைகள் அந்தத் துறையில் மாணவர்களாகச் சேரத் தொடங்கினார்கள்.

இன்றைய வழி வேறு. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் குறைந்தது ஐந்து பாடங்களில் மிகச் சிறந்த தேர்ச்சி இருந்தால்தான் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அதன்பின் நேர்முகம், பிறகு பட்டப்படிப்பு. ஜாசின் பக்கத்து மாணவருக்கு அருகிலுள்ள கழகங்களில் ஒன்று சிரம்பானின் ராஜா மெலேவார். 1935-ல் மலாக்காவில் மலாய்ப் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரியும் இன்று அதே அமைப்பின் ஒரு வளாகம். தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997-ல் பல்கலைக்கழகமானது. அங்கே தமிழில் கல்வியியல் பட்டம் படிக்கலாம். தமிழ்நாட்டு ‘செட்’ போன்ற தனித் தகுதித் தேர்வு மலேசியாவில் இல்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக முனைவர் பட்டம் கேட்கிறார்கள்.

அந்த முனைவர் பட்ட ஆய்வுகளில் தோட்டத் தமிழ்ப்பள்ளி திரும்பத் திரும்ப ஆய்வுப் பொருளாகிறது. மூலச் சான்றுகளோ குறைந்துகொண்டே போகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பள்ளிகள் பட்டணத்துக்கு மாற்றப்பட்டபோதும் வருகைப் பதிவேடுகளும் இன்ஸ்பெக்டரின் குறிப்பேடுகளும் பழைய அலமாரிகளோடு போய்விட்டன. இப்போது எஞ்சியிருப்பவை பெரும்பாலும் வீட்டுப் பெட்டிகளில் உள்ளவை: பயிற்சிச் சான்றிதழ், வகுப்புப் படம், மலாய்ச் சோதனையில் தேறிய கடிதம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் குடும்பங்களிடம் அவற்றைக் கேட்டுப் படியெடுத்து வைக்கும் வேலையைப் பள்ளி வாரியங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் சேர்ந்து செய்யலாம். 1957-க்கு முன் வார இறுதி வகுப்பில் படித்தவர்களில் இன்று இருக்கக்கூடியவர்கள் தொண்ணூறு வயதை ஒட்டியிருப்பார்கள்.