நடந்தவர்கள் வரைந்த எல்லை: சிட்னியைச் சுற்றிய காட்டுத் தடங்களின் வரலாறு

சிட்னி மாநகரைக் கிழக்கே கடலும் மற்ற மூன்று திசைகளில் காடும் சூழ்ந்திருக்கின்றன. தெற்கே ராயல் தேசியப் பூங்கா, வடக்கே கூ-ரிங்-காய் சேஸ், மேற்கே நீல மலைகள். ஐம்பது லட்சம் பேர் வாழும் ஊரில் காலையில் புறநகர் ரயிலேறி, மதியத்துக்குள் மனித அரவமற்ற பள்ளத்தாக்கில் இறங்கிவிட முடிகிறது. இந்தக் காடு பிழைத்ததற்கு முதற்காரணம் மண். சிட்னியைச் சுற்றிலும் மணற்பாறை. அதன்மேல் படிந்த மண் மெலிந்தது. ஏர் பூட்டினாலும் பயன் தராது. ஆறுகள் அந்தப் பாறையை ஆழமாக அறுத்துச் செங்குத்துச் சுவர்களை நிறுத்திவிட்டன. குடியேறிய ஆங்கிலேயர் சமவெளியை எடுத்துக்கொண்டு, உதவாத நிலம் என்று இவற்றை ஒதுக்கினார்கள்.

ஒதுக்கப்பட்ட நிலமெல்லாம் பூங்காவாகிவிடுவதில்லை. மரம் வெட்டவும், நிலக்கரி தோண்டவும், அணை கட்டவும், மனை பிரிக்கவும் ஆள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். பூங்காவை அரசு அறிவித்தது, பிறகு அதற்குள் தடம் போட்டது, அதன்பின் மக்கள் நடக்க வந்தார்கள் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். சிட்னியில் பெரும்பாலும் வரிசை நேர்மாறாக இருந்தது. முதலில் நடந்தார்கள்; நடந்த இடத்துக்காக வழக்காடினார்கள்; அரசு கடைசியில் எல்லைக்கோடு போட்டது. அந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தையும், அதில் யார் விடுபட்டுப்போனார்கள் என்பதையும் இக்கட்டுரை தொடர்கிறது.

தடங்களில் மூத்தவை பழங்குடியினருடையவை. தெற்கே தரவால் மக்கள், மலைப்பக்கம் தருக், குண்டுங்குரா மக்கள். பள்ளத்தாக்குகளின் அடர்த்தியைத் தவிர்த்து மலைமுதுகின் மேலேயே நடப்பது அவர்கள் வழக்கம். 1813இல் பிளாக்ஸ்லாண்ட், லாசன், வென்ட்வொர்த் மூவரும் நீல மலைகளைக் கடந்ததைப் பள்ளிப் பாடங்கள் கொண்டாடுகின்றன. அவர்களும் மலைமுதுகைப் பிடித்துத்தான் போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1823இல், ஆர்ச்சிபால்ட் பெல் என்ற இளைஞர் மலைக்கு இன்னொரு வழி கண்டதாகப் பதிவாயிற்று. வழியைக் காட்டியவர்கள் தருக் மக்கள். சாலைக்கு நிலைத்ததோ பெல்லின் பெயர். ராயல் பூங்காவின் வடமுனையில் ஜிப்பன் முனைப் பாறைகளில் திமிங்கிலம், கங்காரு, திருக்கை மீன் உருவங்களைத் தரவால் மக்கள் செதுக்கியிருக்கிறார்கள். பண்டீனாவில் படகிலிருந்து இறங்கி அரைமணி நடந்தால் காணலாம். இப்பூங்காவின் நடை வரலாற்றை 1879இலிருந்து தொடங்குகிறவர்கள் அந்தப் பாறையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினால் நல்லது.

1879 ஏப்ரலில், நியூ சவுத் வேல்ஸின் முன்னாள் பிரீமியர் ஜான் ராபர்ட்சனின் முயற்சியால், சிட்னிக்குத் தெற்கே 18,000 ஏக்கர் 'தேசியப் பூங்கா'வாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் அமைந்து அப்போது ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. 'ராயல்' என்ற அடைமொழி 1955இல்தான் சேர்ந்தது. பெயரைக் கொண்டு நோக்கத்தை ஊகித்தால் தவறிவிடுவோம். நெரிசலும் புகையும் மிகுந்த நகரத்துக்கு நல்ல காற்று வேண்டும் என்பதே அன்றைய கவலை. ஆகவே பூங்காவை நிர்வகித்த அறங்காவலர்கள் காட்டைத் திருத்தப் பார்த்தார்கள். புதர் வெட்டி வெளிநாட்டு மரங்கள் நட்டார்கள். மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். படைகளின் பயிற்சிக்கு இடம் கொடுத்தார்கள். 1886இல் ஹாக்கிங் ஆற்றோரமாக லேடி கேரிங்டன் சாலையைக் குதிரைவண்டிகளுக்காகப் போட்டார்கள். இன்று அது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் உரியது. அறங்காவலர்கள் 1920-களின் தொடக்கத்தில் சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை மரம் வெட்டும் உரிமையையும் கொடுத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது. பூங்கா என்ற சொல் மட்டும் ஒரு மரத்தையும் காப்பாற்றிவிடாது என்பதை நகரத்தார் முதலில் உணர்ந்தது அப்போதுதான்.

மேற்கே நடந்தது வேறு கதை. 1860-களின் இறுதியில் நீல மலைகளின் மேல் ரயில் ஏறியது. கூடவே விடுதிகள் முளைத்தன. விடுதிகளில் தங்கியவர்களுக்குப் பார்க்க அருவி வேண்டியிருந்தது. அருவியோ நூற்றுக்கணக்கான அடி கீழே. இங்குள்ள மூத்த தடங்கள் சில, நடப்பவர்களை மனத்தில் வைத்துப் பிறந்தவையே அல்ல. குரோஸ் பள்ளத்தாக்கு வழியாக ரயில்பாதை போடலாமா என்று 1850-களின் கடைசியில் அளவையாளர்கள் ஒரு பாதை வெட்டினார்கள். ரயில் வேறு வழியில் போய்விட்டது, பாதை தங்கிற்று. எக்லஸ்டன் டு ஃபோர் 1875இல் ஓவியரையும் புகைப்படக்காரரையும் அழைத்துக்கொண்டு அதே பள்ளத்தாக்கில் முகாமிட்டார். இவரே பின்னாளில் கூ-ரிங்-காய் சேஸ் (1894) அமைவதற்கு முன்னின்றவர். கட்டும்பாவிலிருந்து ஜெனோலன் குகைகளுக்குச் செல்லும் ஆறடித் தடம் 1884இல் குதிரைப் பாதையாக அளக்கப்பட்டது. அகலம் ஆறடி என்பதால் அந்தப் பெயர். இன்று அந்த 45 கிலோமீட்டரை மூன்று நாளில் நடக்கிறார்கள்.

ரயில் காலத்தின் உச்சம் வென்ட்வொர்த் அருவியின் நேஷனல் பாஸ் தடம். 1906–1908 காலத்தில் கட்டப்பட்டது. செங்குத்தாக நிற்கும் இரண்டு மணற்பாறைச் சுவர்களுக்கு நடுவே மென்மையான களிக்கல் அடுக்கு ஒன்று ஓடுகிறது. மழையும் காற்றும் அதை அரித்து, பாறையின் இடுப்பளவில் ஒரு திண்ணை விட்டிருக்கின்றன. அந்தத் திண்ணையையே பாதையாக்கினார்கள் வேலைக்காரர்கள். திண்ணை முடியும் இடத்தில் பாறையிலேயே படி செதுக்கினார்கள். உளியின் கொத்து இன்றும் படியின் பக்கவாட்டில் தெரிகிறது. ஆயிரமாயிரம் கால்கள் தேய்த்து நடுப்பகுதி குழிந்திருக்கிறது. மேலே அருவியின் பாதி, கீழே மறுபாதி. இயற்கை விட்ட இடத்தை மட்டுமே பற்றிக்கொண்டு இவ்வளவு நயமாகப் போட்ட தடம் சிட்னி வட்டாரத்தில் வேறில்லை என்பது என் துணிபு. த்ரீ சிஸ்டர்ஸ் பாறைகளை ஒட்டி ஏறத்தாழ 900 படிகளுடன் இறங்கும் ராட்சதப் படிக்கட்டு 1932இல் திறக்கப்பட்டது. அந்த மரபின் கடைசிப் பெரிய வேலை அது.

படிக்கட்டுகளை விட்டு விலகி நடந்தவர்களிடம்தான் பூங்கா என்ற கருத்து உருமாறியது. கட்டடக்கலை வரைவாளரும் ஆசிரியருமான மைல்ஸ் டன்ஃபி 1914இல் நண்பர்களுடன் மவுண்டன் டிரெயில்ஸ் கிளப்பைத் தொடங்கினார். உறுப்பினர் எல்லாரும் ஆண்கள். அழைப்பின்பேரில் மட்டுமே சேர முடியும். தடமில்லாத பள்ளத்தாக்குகளில் நாள்கணக்கில் நடந்து, திரும்பி வந்து வரைபடம் வரைந்தார். மேடு பள்ளம், ஓடை, முகாமிட ஏற்ற இடம் எல்லாம் அவர் கையெழுத்தில் பொடிப்பொடியாக நிறைந்திருக்கும். மகன் பிறந்த பின்னும் நடை நிற்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து, மனைவி மார்கரெட்டுடன் கனங்ரா வரை கரடுமுரடான பாதையில் கொண்டுபோனார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தில் பேர்பெற்ற மைலோ டன்ஃபி.

1927இல் தோன்றிய சிட்னி புஷ்வாக்கர்ஸ் சங்கம் ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்துக்கொண்டது. எழுத்தர்கள், தட்டச்சர்கள், ஆசிரியர்கள், தொழிலாளிகள் சேர்ந்தார்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து ரயிலேறி, ஞாயிறு இரவு திரும்பிவிடுவார்கள். நியூ சவுத் வேல்ஸில் சொலிசிட்டராகத் தொழில் நடத்திய முதல் பெண் மேரி பைல்ஸ் இந்த வட்டத்தவர். வடக்குக் கடற்கரையில் பூடி பூங்கா 1935இல் ஒதுக்கப்பட்டதில் அவர் பங்கு பெரிது. உலகப் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த பாடி பாலின் 1930இல் முதுகுப்பையும் கூடாரமும் தைத்து விற்கத் தொடங்கினார். சுமை குறைந்தபோது நடையின் தூரம் கூடியது. வாரக் கடைசியில் ஒரு தட்டச்சர் எட்டக்கூடிய பள்ளத்தாக்கு எது என்பதை அந்தப் பையின் எடையும் ரயில் கால அட்டவணையும் தீர்மானித்தன. அவர் எட்டிய இடத்தைத்தான் அடுத்த பத்தாண்டில் அவர் காப்பாற்றப் போராடினார். காட்டுப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த எளிய பொருள்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்தத் தொடர்பு பட்டவர்த்தனமாகத் தெரிவது புளூ கம் காட்டில். 1931 ஈஸ்டர் விடுமுறையில் ஆலன் ரிக்பி தலைமையில் ஒரு குழு குரோஸ் ஆற்றங்கரையில் முகாமிட்டது. வானளாவிய நீல யூகலிப்டஸ் மரங்கள் நெடுந்தூண்களாக நிற்கும் ஆற்றுப்படுகை அது. அந்த நாற்பது ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவர் மரங்களை அழித்து வால்நட் போடப்போகிறார் என்று அங்கேயே தெரியவந்தது. அதே ஆண்டு நவம்பரில், கொட்டும் மழையில், அந்த மரங்களின் அடியிலேயே குத்தகைக்காரரும் நடைச் சங்கத்தாரும் கூடிப் பேசினார்கள். 130 பவுண்டு கொடுத்தால் விட்டுத்தருவதாக ஒப்புக்கொண்டார். மந்தக் காலம், பலருக்கு வேலையில்லை. சில்லறை சில்லறையாகத் திரட்டினார்கள், கடனும் வாங்கினார்கள். 1932 செப்டம்பரில் நிலம் பொதுநிலமானது. தொகை சிறியதுதான். ஆனால் காட்டை அதன் பொருட்டே காப்பதற்காக, அதில் நடந்தவர்கள் கைக்காசு போட்டு மீட்ட நிகழ்ச்சி இது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு இயக்கத்தின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்றாக இதைக் கொள்வதில் தயக்கம் தேவையில்லை.

1934இல் ராயல் பூங்காவின் தென்விளிம்பில் கரவாரா நிலம் இதே சங்கங்களின் வற்புறுத்தலால் பூங்காவானது. அதையடுத்த ஹெலன்ஸ்பர்க்கில்தான் 1985இல் குடமுழுக்குக் கண்ட வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே குடும்பத்தோடு வந்துபோகும் சிட்னித் தமிழர்கள் பலருக்கு, சற்றுத் தள்ளி ஆட்ஃபர்டில் 26 கிலோமீட்டர்க் கடற்கரைத் தடம் வந்து முடிகிறது என்பது புதுச் செய்தியாக இருக்கலாம்.

அதே 1934 ஆகஸ்டில் டன்ஃபியின் பெருந்திட்டம் கட்டும்பா நாளிதழின் சிறப்பிணைப்பாக, வரைபடத்துடன் வெளிவந்தது. துண்டுதுண்டான ஒதுக்கீடுகளை இணைத்து நீல மலைகள் முழுவதையும் ஒரே பூங்காவாக்க வேண்டும் என்பது அதன் சாரம். கால் நூற்றாண்டு கழித்து, 1959இல், சுமார் 63,000 ஹெக்டேரில் நீல மலைகள் தேசியப் பூங்கா பிறந்தது. கனங்ரா-பாய்ட் 1969இல் வந்தது, வொல்லமை 1979இல். 2000இல் நீல மலைப் பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது அதன் பரப்பு பத்து லட்சம் ஹெக்டேரைக் கடந்திருந்தது. பழைய வரைபடத்தையும் இன்றைய எல்லையையும் அருகருகே வைத்தால், ஒரு நடைக்காரரின் கோட்டை அரசு அரை நூற்றாண்டாகப் பின்தொடர்ந்து வந்தது தெரியும்.

அந்தக் கோட்டுக்குள் ஓர் இருட்டும் உண்டு. ஆள் வாழாத தூய வனம் என்பது டன்ஃபி தலைமுறையின் கனவு. அந்த வனத்தில் ஆட்கள் இருந்தார்கள். குண்டுங்குரா மக்கள் வாழ்ந்த பரகொராங் பள்ளத்தாக்கு, 1960இல் முடிந்த வாரகம்பா அணையின் நீரில் மூழ்கியது. அங்கிருந்து ஏற்கெனவே வெளியேறிய பலர் கட்டும்பாவில் 'கல்லி' எனும் இடத்தில் குடிசை போட்டிருந்தார்கள். 1957இல் கார்ப் பந்தயத் தடம் போடுவதற்காக அங்கிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டார்கள். மரங்களுக்காக மழையில் நின்று பேரம் பேசிய இயக்கம் இந்த மக்களுக்காக அதே அளவு குரல் எழுப்பியதாகத் தெரியவில்லை. இது தனிமனிதர் குறையன்று. காட்டையும் மனிதரையும் எதிரெதிரே நிறுத்திய பார்வையின் விளைவு. 2002இல் கல்லி, பழங்குடியினரின் இடமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

1967இல் மாநிலத் தேசியப் பூங்கா மற்றும் வனவிலங்குப் பணித்துறை உருவானபின், தடங்கள் அறங்காவலர், சங்கத்தார் கைகளிலிருந்து அரசுக்குப் போயின. 1988இல் சிட்னியையும் நியூகாசிலையும் இணைத்து 250 கிலோமீட்டர் நெடுந்தடம் திறக்கப்பட்டது. 2001இல் வந்த தேசிய அளவுகோல் தடங்களை ஆறு வகுப்பாகப் பிரித்தது: முதல் வகுப்பில் சக்கர நாற்காலி செல்லும், ஆறாவதில் தடமே இல்லை. டன்ஃபியின் காடும் விடுதி விருந்தினரின் படிக்கட்டும் ஒரே அட்டவணையின் இரு முனைகளாயின.

எல்லா இடத்துக்கும் தடம் வேண்டுமா என்ற கேள்வியை 1994 கூர்மையாக்கியது. ஜனவரித் தீயில் ராயல் பூங்காவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிந்தது. அதே ஆண்டு, பூங்கா ஊழியரும் நடைக்காரருமான டேவிட் நோபல் வொல்லமையின் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கியபோது, அதுவரை அறிவியல் அறியாத ஊசியிலை மரத்தைக் கண்டார். வளர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவு. அந்த இடம் இன்றுவரை வெளியிடப்படவில்லை; காலணி மண்ணில் ஒட்டி வரும் வேரழுகல் கிருமியே அம்மரங்களைக் கொன்றுவிடும். கண்டவர் நடைக்காரர், தடுக்கப்படுவோரும் நடைக்காரர்கள், அது நியாயமே. 2019–20 பெருந்தீயில் உலகப் பாரம்பரியப் பகுதியின் ஐந்தில் நான்கு பங்கு தீக்கிரையானபோது, வீரர்களை ஹெலிகாப்டரில் இறக்கி அந்தத் தோப்பைக் காத்தார்கள்.

தீயை அடுத்து வந்த பெருமழை பாறைகளைப் பெயர்த்தது. 2022 ஏப்ரலில் வென்ட்வொர்த் பாஸில் பாறை சரிந்து இருவர் இறந்தார்கள். தடங்கள் நெடுநாள் மூடப்பட்டன. ஒரு தடத்தை மீண்டும் திறப்பது மேலே நிற்கும் பாறையை வல்லுநர் சோதிப்பது, கல்லை ஹெலிகாப்டரில் இறக்குவது என்று செலவு பிடிக்கும் வேலை. 2024இல் வென்ட்வொர்த் அருவியிலிருந்து கட்டும்பா வரை 19 கிலோமீட்டர்ப் பாறைவிளிம்பு நடை, பழைய தடங்களைச் செப்பனிட்டு இணைத்துத் திறக்கப்பட்டது. பணம் இத்தகைய பெயர்பெற்ற தடங்களுக்கே பாய்கிறது. டன்ஃபி வரைந்த உட்பள்ளத்தாக்குத் தடங்களில் பலவற்றை இன்றும் திறந்து வைத்திருப்பவை நடைச் சங்கத்தாரின் கால்கள்தாம். அங்கே இரண்டு கோடை யாரும் நடக்காவிட்டால் முட்புதர் மூடிவிடுகிறது.