ஆழ்காயத்தை எப்போது மூடுவது? ஜி.எஸ்.டி. சாலை விபத்துக் காயங்களை முன்வைத்து

பல்லாவரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கிலிருந்து சறுக்கி விழுபவரின் முழங்காலில் சிராய்ப்பும் பிளவும் சேர்ந்தே இருக்கும்; பிளவுக்குள் மணலும் தார்த் துகளும் புதைந்திருக்கும். ஆழ்காயத்தை அடுக்கடுக்காகத் தைத்து மூட வேண்டும் என்பது பாடம். பாடம் சரிதான். ஆனால் எந்த அடுக்கைத் தைப்பது, என்றைக்குத் தைப்பது என்று கேட்காமல் அதைப் பின்பற்றினால் நோயாளிக்குக் கேடே விளையும்.

மேல்தோலின் மீதுள்ள இழுவிசையை உள்ளே இறக்கிவிடுவதே அடுக்குத் தையலின் நோக்கம். அதைத் தாங்க வல்லவை கொலாஜன் செறிந்த அடித்தோலும் தசையுறையும்தான். நடுவிலுள்ள கொழுப்பு நூலைப் பிடிக்காது. இறுக்கினால் நசுங்கி, இரத்த ஓட்டமிழந்து அழுகும். ஆகவே கொழுப்பில் போடும் தையல் பெரும்பாலும் வீண்வேலை. அடித்தோல் தையலின் கதை வேறு. மூன்றாம் வார முடிவிலும் தழும்பின் வலிமை, காயம்படாத தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். முழங்காலில் இரண்டு வாரத்தில் நைலான் தையலைப் பிரித்த பின் காயத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது, முடிச்சு அடியில் அமையுமாறு அடித்தோலில் போட்ட பாலிகிளாக்டின் நூலே. மூன்றாம் வாரத்திலும் அது பாதி வலிமையுடன் நிற்கும். 56 முதல் 70 நாள்களில் கரைந்துவிடும்.

இதே நூல் அழுக்குக் காயத்தில் கிருமிக்குத் துணைபோகிறது. எலெக், கோனென் இருவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களின் தோலில் சீழ் பிடிக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. பட்டுநூல் தையல் இருந்த இடத்திலோ சில நூறே போதுமானதாயிற்று. பின்னிய பட்டைவிடக் கரையும் செயற்கை நூல் சாதுவானது என்பது உண்மை. அதனால் தீங்கின் அளவு குறையுமே தவிர, தீங்கு இல்லையென்று ஆகிவிடாது.

எனவே மண் படிந்த முழங்கால் காயத்தை அன்றே மூடக் கூடாது. மரத்துப்போக ஊசி போட்டு, சலைனால் தாராளமாகக் கழுவி, செத்த சதையை வெட்டி நீக்கி, ஈரக் காஸ் வைத்துக் கட்டி, டி.டி. ஊசியும் போட்டுவிட்டு, நான்காம் அல்லது ஐந்தாம் நாள் சீழ் இல்லையென்று உறுதிசெய்த பின் அடுக்காக மூட வேண்டும். முதல் உலகப் போரின் களங்களிலேயே நிலைபெற்ற முறை இது. இரத்த ஓட்டம் மிகுந்த முகம் விதிவிலக்கு. அதை நன்கு கழுவி அன்றே தைக்கலாம்.

இரண்டாம் முறை வரச் சொன்னால் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் வருமானம் போகுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆயினும் சீழ் வைத்துப் பிரிக்க நேர்ந்த காயம் அதைவிடப் பல நாள்களை விழுங்கும்.

கனமான தடை வேறொன்று. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. உயிர்காக்க அந்த வரம்பு பொருந்தும். நான்காம் நாள் தையலோ அதற்கு வெளியே விழுகிறது. முதல் நாள் திறந்து வைத்த காயத்தைப் பின்னர் மூடுவதையும் அதே சிகிச்சையின் தொடர்ச்சியாகக் கணக்கிட்டு, அதன் செலவையும் மக்கள் நல்வாழ்வுத் துறை இத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.