நீரின் ஆழம் சொல்லும் எதிரொலி

நோர்வூட்டை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கம் 1965ஆம் ஆண்டிலும், மஸ்கெலியாப் பகுதியின் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் 1969ஆம் ஆண்டிலும் அமைந்தன. பின்னதன் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிற்று. வறட்சியில் நீர் வற்றுங்கால் அந்நகரின் வழிபாட்டிடங்கள் வெளிப்படுவதை மலைநாட்டார் நன்கறிவர். ஆயின், நீர் நிறைந்துள்ளபோது அடித்தளத்தின் நிலையை அறிவது எங்ஙனம்?

முற்காலத்தில் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கியே ஆழம் கண்டனர். ஒலியால் அளக்கும் முறைக்கு வித்திட்டதும் ஒரு நன்னீர் ஏரியே. 1826இல் ஜெனீவா ஏரியின் நீருக்கடியில் மணியடித்துச் சோதித்த கொலாடோன், ஸ்டர்ம் என்னும் இருவரும், நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1435 மீற்றர் செல்வதைக் கண்டனர். 1912இல் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியது. இரண்டாண்டுகளின் பின் பெசண்டன் என்பார் பனிமலையிலிருந்து எதிரொலியைப் பெற்றுக் காட்டினார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் லான்ஜவன், குவார்ட்சுப் பளிங்கை மின்சாரத்தால் அதிரச் செய்து, செவிக்கெட்டாத ஒலியை நீரினுட் செலுத்தினார். 1948இல் ஜப்பானின் புருனோ சகோதரர் இக்கலையை மீன்பிடிக்கு உரியதாக்கினர்.

மரப்படகில் இக்கருவியின் ஒலியுறுப்பைப் படகின் உள்ளே பொருத்திப் பயனில்லை. அடிப்பலகையைத் துளைத்தோ, வெளிப்புறத்தில் மாட்டியோதான் வைத்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின் பரவிய கண்ணாடியிழைப் படகோ, துளையின்றியே ஒலிக்கு வழிவிட்டது. அடித்தட்டு, நுரையோ பலகையோ இடையில் இல்லாத திண்ணிய தகடாயிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. ஒலியுறுப்பை உட்புறத்தில் எப்பொக்சிப் பசையால் ஒட்டுவர். பசையினுள் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் ஒலி தடைப்படும். ஆகவே, முதலில் நீர் நிரப்பிய மெல்லிய பையின்மீது அதனை வைத்துச் சோதித்து, எதிரொலி தெளிவாகக் கிட்டும் இடத்தைத் தெரிந்த பின்னரே ஒட்டுதல் முறை.

உட்பொருத்தலில் ஒலியின் வலு ஓரளவு குறையும். உறுப்பிலுள்ள வெப்பமானியும் நீரின் வெப்பத்தையன்றிப் படகுத் தட்டின் வெப்பத்தையே காட்டும். இது சிறு குறையன்று. கடலுக்கென 1500 மீற்றர் வேகத்தில் அமைத்த கருவியை, ஒலி 1482 மீற்றர் செல்லும் 20 பாகை நன்னீரில் இறக்கினால், 30 மீற்றர் ஆழத்தை அது சுமார் 36 சென்ரிமீற்றர் மிகையாகச் சொல்லும். தேயிலைச் சரிவுகளிலிருந்து மழை அரித்துக் கொணரும் மண்ணின் ஓரடிப் படிவு அப்பிழையில் மறைந்துவிடும். படிவு மறைந்தால், மின்னாக்கத்துக்கு எஞ்சியுள்ள நீரின் கணக்கும் பொய்க்கும். ஆதலின் நீரின் வெப்பத்தைத் தனியே அளந்து திருத்தஞ் செய்தலே அறிவுடைமை.